சுவரும் அச்சும்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் உலாவுகிறார்கள், பாரதியார் குடியிருந்த வீட்டைப் பார்க்கிறார்கள், ஆசிரமத்துக்குப் போகிறார்கள். எனக்கு என்னமோ, மிஷன் வீதியில் சம்பாக் கோயிலுக்கு எதிரே சிறிது நேரம் நின்றுவிட்டு வராவிட்டால், அந்த ஊருக்குப் போய் வந்ததாகவே தோன்றுவதில்லை. சம்பா என்றதும் நெல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் 'சேன் போல்' என்று அழைத்த அர்ச். சின்னப்பர்தாம் நம்மவர் வாயில் சம்பா ஆகிவிட்டார்!

இப்போது நாம் பார்க்கும் கோயில் 1791-இல் கட்டி முடிந்தது. அதற்கு முன்பு நின்ற கோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

செய்தியை நமக்கு எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் அல்லர். பிற்காலத்தில் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை அவர், நல்ல வைஷ்ணவர். 1736 முதல் 1761 வரையில், சந்தையில் துணி விலை என்ன என்பதிலிருந்து கவர்னர் யாரிடம் எரிந்து விழுந்தார் என்பது வரையில் ஒன்று விடாமல் எழுதினார். 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் குறிப்பில் இந்தச் சுவர் வருகிறது. சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும் ஒரு பக்கம். ஆதி திராவிடக் கிறிஸ்தவர்கள் மற்றொரு பக்கம். நடுவே சுவர். பீடம் ஒன்று, பூசை ஒன்று, வேதம் ஒன்று. ஆனால் உட்காரும் இடம் இரண்டு. காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் இதைப் பார்த்தார். அந்தப் பக்கத்து ஜனங்களும் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். விவகாரம் கவர்னர் வரையில் போயிற்று. செங்கல் சுவர் போன பிறகும் மனச்சுவர் போகவில்லை. அது வேறு வேறு உருவத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பதைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள்.

சுவர் எதைத் தடுத்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பார்வையைத் தடுத்தது, பக்கத்தில் உட்காருவதைத் தடுத்தது. ஓசையை மட்டும் அதனால் தடுக்க முடியவில்லை. பிரசங்கமும் பாட்டும் அதன் தலைக்கு மேலே தாராளமாகப் போய் வந்தன. பூசையோ லத்தீனில் நடந்தது; அது சுவருக்கு இந்தப் பக்கத்தாருக்கும் புரியாது, அந்தப் பக்கத்தாருக்கும் புரியாது. புரிந்ததெல்லாம் தமிழ்ச் செபமும் தமிழ்ப் பாட்டுமே. அந்தக் காலத்தில் படிப்பது என்பதே பாடுவதுதான். ஓலைச் சுவடியை ஒருவர் இராகம் போட்டு வாசிப்பார்; பத்துப் பேர் கேட்பார்கள். இராமாயணமும் அப்படித்தான் ஊருக்குள் பரவியது. இலங்கையில் தொண்டு செய்த ஜாக்கோமே கொன்சால்வஸ் சுவாமியாரின் 'வியாகுல பிரசங்கம்' தபசு காலத்தில் ஓதப்பட்டதும் இந்த வழியில்தான். எழுத்து ஒருவருடையது, செவி எல்லாருடையது.

இந்த ஓலை உலகத்துக்கென்றே ஒரு பெருங்காவியம் அப்போது பிறந்திருந்தது. இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியாவுக்கு வந்த பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், 1726-இல் 'தேம்பாவணி'யைப் பாடி முடித்தார். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 விருத்தங்கள். காவியத் தலைவர் அரசர் அல்லர், போர்வீரர் அல்லர். தச்சுவேலை செய்த சூசையப்பர். அவரை வளன் என்று தமிழாக்கி, யூதேயா நாட்டுக்கு நம் மருத நிலத்து வளத்தையெல்லாம் கொடுத்துப் பாடினார். ஓலையில் 'பெறு' என்று இருப்பதைப் 'பேறு' என்றும் படிக்கலாம் என்ற சங்கடத்தைக் கண்டு, இரட்டைக் கொம்பு போட்டு நெடிலைப் பிரித்துக் காட்டியவரும் அவரே. படிப்பவன் தடுமாறக் கூடாது என்ற கவலை அவருக்கு. ஆனால் அவருடைய காவியமோ அச்சேறாமல் ஓலையிலேயே கிடந்தது.

இதற்கிடையில் புதுவைக்குப் பொல்லாத காலம் வந்தது. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது, சம்பாக் கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் ஆலயத்தைப் பிரெஞ்சு அரசாங்கம் இடித்துத் தள்ளியது. ஜேசு சபைப் பாதிரிமார் நெடுநாளாக வேண்டி நின்ற காரியம் அது. பிள்ளையின் குறிப்பில் அந்த நாளின் துயரம் இன்னும் ஆறாமல் இருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1761-இல், ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் தகர்த்தபோது சம்பாக் கோயிலும் போயிற்று. இடித்தவர்களின் கோயில் பிறரால் இடிக்கப்பட்டது. எந்தக் கல் கட்டடமும் அந்த ஊரில் பதினைந்து வருஷம் நிம்மதியாக நிற்கவில்லை!

அந்தக் கொள்ளையில் ஒரு வேடிக்கை நடந்தது. கவர்னர் மாளிகையிலிருந்த அச்சு யந்திரத்தை வெற்றி பெற்றவர்கள் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது யாரிடம் போய்ச் சேர்ந்தது தெரியுமா? வேப்பேரியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் பப்ரிஷியஸிடம்! அரசாங்க வேலை வந்தால் செய்து கொடுக்க வேண்டும்; மற்ற நேரத்தில் மிஷன் வேலை செய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. பப்ரிஷியஸ் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஜெர்மானியக் கீதங்கள் பலவற்றைத் தமிழில் பெயர்த்துப் பாட வைத்தவர். வேப்பேரி அச்சுக்கூடத்திலிருந்துதான் 1779-இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. லூத்தரன்களோடு வாழ்நாளெல்லாம் எழுத்தில் மல்லுக்கு நின்ற வீரமாமுனிவர் அப்போது உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! யந்திரத்துக்குச் சபை கிடையாது. மை தடவினால் யாருக்கும் அச்சடிக்கும்.

புதுவை மிஷனுக்கு மறுபடி ஓர் அச்சுக்கூடம் வாய்த்தது 1840-ஐ ஒட்டித்தான். அதோடு சேர்ந்து நினைக்க வேண்டிய பெயர், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த துப்புய் பாதிரியார். அவரும் மூசே பாதிரியாரும் சேர்ந்து செய்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் இரண்டு பாகமாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1851 முதல் 1853 வரையில், ஆண்டுக்கு ஒரு காண்டமாகத் 'தேம்பாவணி' புதுவையில் அச்சேறியது. பாடி முடித்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பேடுகளை 1846-இல் காலுவா மொம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்ததும் இதே ஊரில்தான். காவியத்துக்கும் தினசரிக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடிந்தது.

இங்கேதான் சுவரின் ஞாபகம் எனக்கு மீண்டும் வருகிறது. ஓலையைப் பத்துப் பேர் கூடிக் கேட்க வேண்டும். கூடினால் யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி எழும். அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. குடிசைத் திண்ணையில் உட்கார்ந்தும் படிக்கலாம். ஒரே பக்கம், ஒரே எழுத்து. மேல்சாதிக்கு ஒரு பிரதி, கீழ்ச்சாதிக்கு ஒரு பிரதி என்று யந்திரம் பிரித்து அடிப்பதில்லை. அச்சு சுவரை இடிக்கவில்லை; சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆனால் ஒன்று: படிக்கத் தெரிந்தவருக்குத்தானே புத்தகம்? படிக்கத் தெரியாதவருக்கு அதுவே இன்னொரு சுவர். பாட்டைக் கேட்டுப் பாடிக்கொண்டிருந்த மூதாட்டிக்கு இருந்த உரிமைகூட அச்சுப் புத்தகத்தின் முன்னால் அவள் பேத்திக்கு இல்லாமல் போய்விடும். துப்புய் பாதிரியார் இதை உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். குடும்பப் பெண் எழுத்துப் படிப்பதா, அது தேவதாசிகளின் வழக்கம் அல்லவா என்று ஊர் முகம் சுளித்த காலத்தில், 1844-இல், தமிழ்ப் பெண்களுக்குக் கல்வி புகட்டுவதற்கென்றே புதுவையில் ஒரு கன்னியர் சபையை அவர் நிறுவினார். அச்சுக்கூடம் ஒரு கை. பள்ளிக்கூடம் மற்றொரு கை. ஒரு கையால் மட்டும் எந்தச் சுவரைத் தாண்ட முடியும்?

சென்ற முறை போயிருந்தபோது சம்பாக் கோயிலில் மாலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. 1962-இல் தொடங்கிய வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசையும் தமிழாகிவிட்டது அல்லவா? பாட்டு வாசலுக்கு வெளியிலும் தெளிவாகக் கேட்டது. கடைசி வரிசையில் ஒரு கிழவி பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சிறுமி அதே பாட்டைப் புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்துப் படித்துப் பாடினாள். இருவருக்கும் நடுவே ஒன்றும் இல்லை; ஒரு சாணுக்கும் குறைவான பெஞ்சுப் பலகைதான் இருந்தது.