கொடைக்கானலும் கொல்லைப்புற ரூமும்

கொடைக்கானல் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பழைய வீடு, அதன் பின்னால் புதிதாக இரண்டு ரூம், கேட்டில் "ஹோம்ஸ்டே" போர்டு. கலிபோர்னியாவில் வீட்டுப் பஞ்சம் தாங்காமல், கொல்லைப்புறத்தில் சின்ன வீடு கட்டுவதை 2017 முதல் சட்டமே சுலபமாக்கிவிட்டது. அங்கே அது உள்ளூர்க்காரன் குடியிருக்க. இங்கே டூரிஸ்ட் தங்க. வித்தியாசமே அதுதான்.

கொஞ்சம் வரலாறு. மதுரையில் வெயிலும் காய்ச்சலும் வாட்டியதால் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே வந்து கட்டியது இரண்டே வீடுகள், சன்னிசைடு, ஷெல்டன். 1863இல் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். 1916இல் மலைப்பாதை திறந்தது. அதுவரை குதிரையிலும் டோலியிலும் ஏறிய ஊருக்குக் கார் வந்தது. பிறகென்ன, கூட்டம்தான்!

மலை தாங்காது என்று 1993இல் மாஸ்டர் பிளான் வந்தது. அடுத்த வருடமே ப்ளசன்ட் ஸ்டே ஹோட்டலின் ஏழு மாடிக்கு அரசு விதிவிலக்கு தந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட, 1995இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதே விவகாரத்தில் 2000 பிப்ரவரியில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை. அன்று தருமபுரியில் பஸ்ஸை எரித்ததில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. அந்த மூன்று பேர்?

ஏழு மாடி எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் முளைத்த ஒரு ரூம் யார் கண்ணிலும் படவில்லை. 2019இல் நீதிமன்ற உத்தரவால் விதிமீறிய கட்டடங்களுக்கு சீல் வைத்தபோதுதான் ஊரே அதிர்ந்தது. 1993இல் போட்ட அதே அளவுகோல். கடன் வாங்கி ரூம் கட்டிய குடும்பமும் பெரிய லாட்ஜும் அதன் முன்னால் ஒன்றுதான்.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. ரூம் வாடகை ஒருவருக்கு வரவு. தண்ணீர், சரிவு, டிராஃபிக் எல்லாம் ஊருக்குச் செலவு. அந்தச் செலவை யாருமே எழுதி வைக்கவில்லை. 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025இல் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. வண்டியை எண்ணத் தொடங்கியாகிவிட்டது. ரூம்களையும் எண்ண வேண்டும். சொந்த வீட்டில் ஒரு ரூம் விடுபவருக்குத் தனி விதி, லாட்ஜுக்குத் தனி விதி. அப்படிப் பிரிக்காவிட்டால் அடுத்த சீலும் சின்ன வீட்டுக் கதவில்தான் விழும்.