சாலைப் பயனர் கட்டணம் (நியூசிலாந்து)

சாலைப் பயனர் கட்டணம் என்பது, ஓர் ஊர்தி சாலையில் ஓடும் தொலைவைக் கணக்கிட்டு நியூசிலாந்து அரசு பெறும் கட்டணம் ஆகும். டீசலில் ஓடும் ஊர்திகளுக்கும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட கனரக ஊர்திகளுக்கும் 1978 இல் இது நடைமுறைக்கு வந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் மின்சார மகிழுந்துகளும் இதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. பெட்ரோல் மகிழுந்து வைத்திருப்போர் இக்கட்டணத்துக்கு மாறாக, பெட்ரோல் விலையுடன் சேர்த்து எரிபொருள் வரி செலுத்தி வந்தனர். இவ்விரு வருவாய்களும் சாலைகள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றுக்குச் செலவிடும் தேசிய நிலப் போக்குவரத்து நிதியத்தைச் சேர்கின்றன.

வரலாறு

இக்கட்டணத்துக்கான சட்டம் 1977 இல் இயற்றப்பட்டது. டீசலுக்கு நேரடியாக வரி விதிக்காமல் இம்முறை தெரிவு செய்யப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, பண்ணை உழவு இயந்திரங்கள், படகுகள் போன்று சாலையைப் பயன்படுத்தாதவையும் டீசலில் இயங்குகின்றன. இரண்டாவது, சாலைக்கு ஏற்படும் தேய்மானம் அச்சின் மீதான சுமை கூடும்போது அதைவிடப் பன்மடங்கு கூடுகிறது. எரிபொருள் செலவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே கனரக ஊர்திகளுக்கு எடை, அச்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்துக் கட்டணம் வகுக்கப்பட்டது. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2012 இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

செலுத்தும் முறை

உரிமையாளர் 1,000 கி.மீ. அலகுகளாக உரிமத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். மகிழுந்துகளில் ஓடிய தொலைவு, ஊர்தியிலுள்ள தொலைவுமானியைக் கொண்டு அறியப்படுகிறது. கனரக ஊர்திகளில் சக்கர அச்சில் பொருத்தப்படும் மானியோ மின்னணுக் கருவியோ பயன்படுகிறது. ஒவ்வொரு முறை உரிமம் வாங்கும்போதும் தனியாக ஒரு நிருவாகக் கட்டணம் உண்டு. உரிமத்தில் குறித்த தொலைவுக்கு மேல் ஓட்டினால் நிலுவையுடன் தண்டமும் விதிக்கப்படலாம்.

கட்டண வீதம்

2024 ஆம் ஆண்டு வீதங்களின்படி டீசல் மகிழுந்துக்கும் மின்சார மகிழுந்துக்கும் 1,000 கி.மீ.க்கு 76 நியூசிலாந்து டாலர் விதிக்கப்பட்டது. மின்னேற்றம் செய்யக்கூடிய கலப்பின மகிழுந்துக்கு முதலில் 53 டாலர் என முன்மொழியப்பட்டது. இவை பெட்ரோலுக்கும் வரி செலுத்துவதால் இருமுறை வரி என்ற எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் வீதம் 38 டாலராகக் குறைக்கப்பட்டது. முன்னதாக, எரிபொருள் விலையேற்றத்தை ஒட்டி 2022 ஏப்ரல் முதல் 2023 சூன் வரை இக்கட்டணம் தற்காலிகமாக 36 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தது.

சாதாரண ஓட்டுநர் மீதான தாக்கம்

2025 ஆகத்தில் போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் பிசப், பெட்ரோல் மகிழுந்துகள் உட்பட எல்லா இலகு ஊர்திகளும் படிப்படியாக இக்கட்டண முறைக்கு மாற்றப்படும் என்றும், அப்போது பெட்ரோல் மீதான சாலை வரி நீக்கப்படும் என்றும் அறிவித்தார். இம்மாற்றத்தால் யார் கூடுதலாகச் செலுத்துவர் என்பது ஊர்தியின் எரிபொருள் சிக்கனத்தைப் பொறுத்தது. சரக்கு சேவை வரியையும் சேர்த்தால் 2024 இல் பெட்ரோல் லிட்டருக்குச் செலுத்தப்பட்ட சாலை வரி ஏறத்தாழ 80 சதம் ஆகும். அந்த அடிப்படையில் 1,000 கி.மீ. ஓடுவதற்கான ஒப்பீடு பின்வருமாறு:

* 100 கி.மீ.க்கு 5 லிட்டர் செலவாகும் மகிழுந்து: எரிபொருள் வரி 40 டாலர், சாலைப் பயனர் கட்டணம் 76 டாலர்.
* 100 கி.மீ.க்கு 9.5 லிட்டர் செலவாகும் மகிழுந்து: இரண்டும் 76 டாலர்.
* 100 கி.மீ.க்கு 12 லிட்டர் செலவாகும் மகிழுந்து: எரிபொருள் வரி 96 டாலர், சாலைப் பயனர் கட்டணம் 76 டாலர்.

ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவர்களில் முதல் வகையினர் 432 டாலர் கூடுதலாகச் செலுத்துவர். மூன்றாம் வகையினருக்கு 240 டாலர் மிச்சமாகும். சிக்கனமான புதிய மகிழுந்து வாங்க இயலாமல் பழைய ஊர்தியை ஓட்டுவோருக்கு இது நன்மையாகும் என்பது ஆதரவாளர் வாதம். எரிபொருளைச் சேமிப்பவருக்குக் கிடைத்து வந்த ஊக்கம் குறைகிறது என்பது எதிர்வாதம்.

நாட்டுப்புறத்தில் வாழ்வோர் நெடுந்தொலைவு ஓட்ட வேண்டியிருப்பதால் அவர்கள் பெரிதும் பாதிக்கப்படுவர் எனக் கூறப்படுவதுண்டு. ஆனால் எரிபொருள் வரியும் தொலைவுடன் கூடுவதே. எனவே அவர்களுக்கும் ஊர்தியின் வகையே வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. எனினும் இது நெரிசல் கட்டணம் அன்று. நகரின் நெரிசல் வேளைக்கும் பேருந்து வசதியற்ற சிற்றூர்ச் சாலைக்கும் ஒரே வீதம் விதிக்கப்படுகிறது.

செலுத்தும் விதமும் முதன்மையானது. எரிபொருள் வரி ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் சிறிது சிறிதாகச் செலுத்தப்படுகிறது. சாலைப் பயனர் கட்டணத்தை மொத்தமாக முன்பணமாகச் செலுத்த வேண்டும். குறைந்த வருவாய் உடையோர் சிறு அளவுகளில் வாங்கினால் நிருவாகக் கட்டணம் பலமுறை சேர்கிறது. ஓடிய பின் செலுத்துதல், மாதத் தவணை ஆகியவற்றுக்கு வழி செய்யப்படும் என 2025 அறிவிப்பில் கூறப்பட்டது.

தனியுரிமை

தொலைவுமானி எவ்வளவு தொலைவு ஓடியது என்பதை மட்டுமே காட்டும். எங்கு ஓடியது என்பதைக் காட்டாது. செய்மதி வழி இடமறியும் கருவி பயணத்தடத்தையும் பதிவு செய்யக்கூடியது. ஆகவே மின்னணு முறை பரவும்போது அத்தரவு யாரிடம் இருக்கும் என்பது விவாதத்துக்கு உரியதாகிறது.

பிற நாடுகளில்

ஐசுலாந்து 2024 சனவரி முதல் மின்சார மகிழுந்துகளுக்குக் கி.மீ.க்கு 6 குரோனா விதித்தது. ஆத்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021 இல் விதித்த இத்தகைய கட்டணம், மாநிலங்களுக்கு அவ்வரியை விதிக்கும் அதிகாரம் இல்லை என்று 2023 அக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. பிரித்தானியாவில் 2007 இல் சாலைக் கட்டணத் திட்டத்துக்கு எதிரான இணைய மனுவில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. எனினும் 2028 ஏப்ரல் முதல் மின்சார மகிழுந்துகளுக்கு மைலுக்கு 3 பென்சு விதிக்கப்படும் என 2025 நவம்பரில் பிரித்தானிய அரசு அறிவித்தது.