புதூர் என்று வெட்டிய செம்பு

எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பின் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாய் ஒரு வரி ஓடுகிறது: மு. அ. புதூர். உளியைத் தட்டித் தட்டி இட்ட புள்ளிகள். தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாகப் புளி போட்டுத் துலக்கியதில் 'மு' பாதி தேய்ந்துவிட்டது. 'புதூர்' மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. மலேசியாவின் கெலாங் பாத்தாவில், எங்கள் தாமான் வீட்டுச் சாமி மாடத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கிற இந்தச் செம்பைத் தவிர, எங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லும் பொருள் வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

'அ' என்பது என் தாத்தாவின் அம்மா, எனக்குப் பூட்டி. 'மு' அவளுடைய அப்பா. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர்ப் பாத்திரங்களில் இது ஒன்று. மற்றவற்றை ஊரிலேயே அடகு வைத்தார்கள். இதை மட்டும், வழியில் தண்ணீர் குடிக்க வேண்டுமே என்று பூட்டி மடியில் கட்டிக்கொண்டாள்.

கங்காணி ஆள் சேர்த்த காலம் அது. தோட்டத்துத் துரை கங்காணிக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். கங்காணி தன் சொந்த ஊரையும் அக்கம்பக்கத்தையும் சுற்றி, ஆட்களைத் திரட்டி, கிராம முன்சீப்பிடம் கையெழுத்து வாங்கி, நாகப்பட்டினம் முகாமுக்குக் கூட்டிவருவார். டிக்கெட் காசு குடிவரவு நிதியிலிருந்து போகும். 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்துத் தொடங்கிய நிதி அது. பூட்டியின் பெயரும் ஊரும் ஒருமுறை மையில் ஏறியிருந்தால், அது அந்த லைசென்ஸில்தான் ஏறியிருக்கும். ஆனால் அந்தக் காகிதம் கங்காணிக்கும் முகாமுக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் சொந்தம். கப்பல் ஏறியவள் கையில் செம்புதான் இருந்தது.

ஃபிஜித் தமிழர்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன இந்தியர்கள் அறுபதாயிரத்துச் சொச்சம் பேருக்கும் ஆளுக்கொரு பாஸ் உண்டு. அப்பா பெயர், வயது, ஊர், ஜில்லா, உடம்பிலுள்ள தழும்பு வரை அதில் இருக்கும். நேட்டால் தோட்டங்களுக்கு 1860 முதல் 1911 வரை போனவர்களின் கப்பல் பட்டியலில் 1,52,184 பேர். கொள்ளுப்பேரன் ஒரு எண்ணைப் பிடித்தால் போதும், ஊரைப் பிடித்துவிடலாம். ஒப்பந்தம் கொடுமைதான், ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஆளைக் கட்டிப்போட நினைத்தவனுக்கு அந்த ஆள் யாரென்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. அதன் பிறகு கங்காணியை நம்பி வந்த லட்சக்கணக்கானவர்கள் தலைக் கணக்காக வந்தார்கள். கங்காணிக்கு எல்லாருடைய முகமும் தெரியும், ஊர் தெரியும், பங்காளி தெரியும். அவர் செத்தபோது அந்தப் பதிவேடும் அவரோடு போய்விட்டது.

வந்தது ரஜூலா கப்பலில் என்பது வீட்டுப் பேச்சு. அந்தக் கப்பல் 1926இல் கட்டியது. அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் வந்திருக்க வேண்டும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்த பயணம். சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவில் கொறண்டைன். அங்கே துணிமணியை எல்லாம் ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம்; புடவைச் சாயம் போய்விட்டது என்று பூட்டி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். செம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு 1924இல் திறந்த கடல் பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாரு, அங்கிருந்து மேற்கே கெலாங் பாத்தா. அந்தப் பெயருக்கு மலாயில் 'உடைந்த வளையல்' என்று பொருள். மிளகும் கம்பீரும் போட்ட சீனர்களின் ஆற்றங்கரைப் பூமியில் அப்போது ரப்பர் ஏறியிருந்தது.

லயம் என்ற தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில் செம்புக்கு இரண்டு வேலை. விடியற்காலைப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குப் போகுமுன் வாசல் தெளிப்பது ஒன்று. திங்களும் வெள்ளியும் அதில் தண்ணீர் நிறைத்து, வேப்பிலை செருகி, மூலையில் வைத்துக் கும்பிடுவது இன்னொன்று. அந்த இரண்டு நாள் மட்டும்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தம்.

1942 ஜனவரி 31ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடல் பாலத்தை வெடிவைத்து உடைத்தது. ஜப்பான்காரன் காலத்தில் பித்தளைக்கு மரவள்ளிக்கிழங்கு கிடைக்கும் என்பதால் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின. பூட்டி செம்பை லயத்துக்குப் பின்னால் புதைத்தாள். அவளுடைய புருஷனை சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையில் மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல் வரிசையாக நிற்கிறது. நம் ஆட்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. சண்டை ஓய்ந்து செம்பைத் தோண்டி எடுத்தபோது அடியில் ஓட்டை விழுந்திருந்தது. தோட்டத்து ஃபிட்டர் ஒருவர் தகட்டுத் துண்டு வைத்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தார்.

காகிதங்கள் அதன் பிறகுதான் வந்தன. 1948இல் அவசரகாலம் அறிவித்ததும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஐசி என்ற அடையாள அட்டை. 1960க்குப் பிறகு குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், இல்லாதவர்களுக்குச் சிவப்பு. பூட்டிக்குச் சிவப்பு. என்னிடம் அது இருக்கிறது: கட்டைவிரல் ரேகை, மங்கிய படம், பிறந்த இடம் என்ற வரியில் 'இந்தியா'. தாத்தாவின் சூராட் பெரானாக் என்ற பிறப்புச் சான்றிதழிலும் அவளுடைய ஊர் இல்லை. கிராணி என்ற குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் அவள் பெயரே மூன்று காகிதத்தில் மூன்று விதம். ஜேபிஎன் என்ற தேசியப் பதிவு இலாகாவில் பழைய பதிவு தேடுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேடு இருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். தோட்டம் கை மாறி, ரப்பர் செம்பனையாகி, செம்பனையும் வீட்டுமனையானபோது ஆபீஸ் புத்தகங்களைக் கூட்டிக் கொளுத்தினார்கள். 1998இல் கெலாங் பாத்தா வாசலிலேயே இரண்டாம் பாலம் திறந்தது. லயங்கள் இருந்த இடத்தை இன்று காட்டுவதற்கு இரண்டு மாமரம்தான் மிச்சம். பழைய தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரிக்கணக்கு, 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் மரண அறிவித்தல்கள், வீட்டு வீட்டுக்கு இருக்கும் மொய் நோட்டு, எல்லாவற்றையும் புரட்டினேன். உறவுகள் கிடைத்தார்கள். ஊர் கிடைக்கவில்லை.

புதூர் என்று தமிழ்நாட்டில் எத்தனை ஊர்! மதுரைக்கு ஒன்று, கோயம்புத்தூர்ப் பக்கம் தாலுகாவுக்கு நாலு. வழி காட்டியது காகிதம் அல்ல, அப்பாவின் வாய். அவர் பூட்டியை 'அப்பாயி' என்றுதான் சொல்வார். அப்பாவைப் பெற்றவளை அப்பாயி என்றும் அம்மாவைப் பெற்றவளை அம்மாயி என்றும் திருச்சி, பெரம்பலூர், நாமக்கல் பக்கத்தில்தான் அதிகம் அழைப்பார்கள். அந்த வட்டாரத்தை மனதில் வைத்து யோசித்தபோது திங்களும் வெள்ளியும் பிடிபட்டன. பெரம்பலூர் அருகே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் அந்த இரண்டு நாள்தான் நடை திறப்பது பேர்பெற்ற வழக்கம். பூட்டி ஒரு கடலுக்கு இந்தப் பக்கம், லயத்து மூலையில், அந்தக் கோயிலின் கிழமைக் கணக்கைத் தவறாமல் நடத்தியிருக்கிறாள்.

மதுரகாளி எங்கள் குலதெய்வம் என்றால், அது புருஷன் வழி. செம்பு பிறந்த வீட்டு வழி. அந்தக் காலத்தில் பெண் கொடுத்தது மாட்டுவண்டி போய்வருகிற தூரத்தில்தான். ஆகவே சிறுவாச்சூரைச் சுற்றியுள்ள புதூர்களைத் தேடினால் போதும்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை செம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிறுவாச்சூர் போனேன். கும்பிட்டுவிட்டுப் பெரம்பலூர்க் கடைத்தெருவில் பழைய பாத்திரக்கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். எழுத்தைத் தடவிப் பார்த்தார். "புதூர்னு சொன்னா பத்தாதுங்க, இங்கயே நாலஞ்சு இருக்கு" என்றார். பிறகு செம்பைக் கவிழ்த்தார். "சீர்ப் பாத்திரத்துல கழுத்துல பொண்ணு பேரு வெட்டுவாங்க. அடியில எடையும், குடுத்த மாமன் பேரும் ஊரும் வெட்டுறது உண்டு. இந்த ஒட்டை எடுத்துட்டா தெரிஞ்சுரும். எடுக்கட்டுங்களா?"

அந்த ஒட்டின் ஓரத்தில், தகட்டுக்குக் கீழே போகிறாற்போல, இரண்டு புள்ளி தெரிந்தது. நான் இத்தனை வருஷம் அதைப் பார்த்ததில்லை. அடி பலவீனமாக இருக்கிறது, தகட்டைப் பிரித்தால் செம்பு கிழியலாம் என்றும் அவரே சொன்னார்.

வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். செம்பு மறுபடி மாடத்தில் நிற்கிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. திங்கட்கிழமை தண்ணீர் நிறைக்கும்போது அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எப்படா பிரிக்கப் போறே?" என்று கேட்கிறார்.