ஊர்ப்பயணமும் இடைத்தங்கலும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் பயண ஏற்பாடுகள் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் வருகையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எத்தனை பேர் வந்தனர், எம்முறையில் வந்தனர், எத்தோட்டங்களில் குடியமர்ந்தனர் என்பனவே ஆய்வுகளில் முதலிடம் பெறுகின்றன. வந்தவர்கள் தம் ஊரைக் காணச் சென்று மீண்ட பயணங்களோ, புள்ளிவிவர அட்டவணைகளில் வருகை, புறப்பாடு என்னும் இரு எண்களுள் ஒடுங்கிவிடுகின்றன. ஒருவர் நிலையாகத் தாயகம் திரும்பினாரா, தாயைப் பார்த்துவிட்டுச் சில மாதங்களில் மீண்டாரா என்பதை அவ்வெண்களைக் கொண்டு மட்டும் பிரித்தறிதல் அரிது.

இக்கட்டுரையில் நாம் நோக்க முனைவது ஊர்ப்பயணத்தின் ஒரு கூறு மட்டுமே. ஓர் ஊர்தியிலிருந்து இறங்கி அடுத்த ஊர்திக்காகக் காத்திருந்த காலமே அது. இன்று இதனை இடைத்தங்கல் என்கிறோம். கப்பற்காலத்தில் இதற்குத் தனிப்பெயர் வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் பயணத்தின் பெரும்பகுதியே காத்திருப்பாக இருந்தது. கப்பலில் ஒரு வாரமாக இருந்த தொலைவு விமானத்தில் நான்கு மணி நேரமாகச் சுருங்கிய போதிலும், காத்திருப்பு மறையவில்லை. அதன் இடமும் அளவும் மாறின. அக்காத்திருப்பை யார் வரையறுத்தனர், அதன் இழப்பை யார் ஏற்றனர் என்னும் வினாக்களே இக்கட்டுரையின் மையம்.

கடல்வழியும் அதன் இணைப்புகளும்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் சிலாங்கூருக்கு வந்த தமிழர்களுள் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மாவட்டங்களைச் சார்ந்தோர். அவர்களது முதன்மைக் கடல்வாயில் நாகப்பட்டினம். திருச்சியையும் நாகப்பட்டினத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. கடலின் மறுகரையில், 1901ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் கோலாலம்பூருடன் இரயில் தொடர்பு பெற்றிருந்தது. இதுவே 1972ஆம் ஆண்டு கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஆகவே பிரிக்பீல்ட்சில் வாழ்ந்த இரயில்வே தொழிலாளர் குடும்பம் ஒன்று ஊர் செல்ல எண்ணினால், அப்பயணம் பல கண்ணிகள் கொண்ட சங்கிலியாக இருந்தது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இரயில், துறைமுகத்தில் கப்பல், பினாங்கில் மீண்டும் ஆளேற்றம், பின்னர் வங்காள விரிகுடா, நாகப்பட்டினத்தில் கரையிறக்கம், அங்கிருந்து இரயில், இறுதியில் மாட்டுவண்டியோ நடையோ. இவற்றுள் ஒரு கண்ணி பிந்தினாலும் அடுத்தது காத்திராது.

நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல்கள் கரையணைய இயலாது. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்கப் படகுகளே பயணிகளையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கின. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலை உயர்ந்தால் படகோட்டம் தடைப்படும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயலச்சமும் சேர்ந்துகொள்ளும். பொங்கலுக்கு ஊரில் இருக்க விரும்பியவர் எப்பொழுது புறப்படுவது என்பதை நாட்காட்டியை மட்டுமன்றிக் கடலையும் கருதியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இவ்வழியின் நீண்ட கால அடையாளமாக நிலைத்தது எஸ்.எஸ். ரஜுலா என்னும் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தில் கட்டப்பட்ட இது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் வரிசையில் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது என்பது, கடல் கடந்த உறவு எத்துணைப் பெரிய அளவில் இயங்கியது என்பதைக் காட்டும்.

பிரிக்பீல்ட்சில் குடியமர்ந்த யாழ்ப்பாணத் தமிழரின் வழி வேறு. 1905ஆம் ஆண்டு வடபகுதிக்கான இருப்புப்பாதை நிறைவுற்ற பின்னர், கப்பலில் கொழும்பை அடைந்து அங்கிருந்து இரயிலில் யாழ்ப்பாணம் செல்ல முடிந்தது. 1914ஆம் ஆண்டு தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பற்சேவை இலங்கையையும் தமிழகத்தையும் இணைத்தமையால், தமிழகத் தலங்களை வழிபட்டு யாழ்ப்பாணம் செல்வதும் இயல்வதாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவ்விணைப்பும் அறுந்தது.

காத்திருப்பும் கட்டுப்பாடும்

ஊரிலிருந்து மலாயா மீளும் பயணத்திலேதான் காத்திருப்பு கடுமையாக இருந்தது. தொழிலாளர்கள் கப்பலேறுமுன் ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். கடல் கடந்ததும் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இருந்த தொற்றுநோய்த் தடுப்பு முகாம்களில் மீண்டும் தங்க நேர்ந்தது. அம்மை, வாந்திபேதி முதலியன பரவாமல் தடுக்கும் ஏற்பாடு இது. அதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் இச்சுமை தளப் பயணிகள் மீதே பெரிதும் விழுந்தது என்பது கருதத்தக்கது. ஒரே கடலை ஒரே கப்பலில் கடந்தவர்களுள் யார் காத்திருக்க வேண்டும் என்பதைப் பயணச்சீட்டின் வகுப்பு முடிவு செய்தது.

காத்திருந்த நாள்கள் ஊதியமற்ற நாள்கள். 1920களின் இறுதியில் எளிதில் அடையத்தக்க தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிலையான கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. அக்கூலியில் சேமித்துச் சென்று மீள்பவருக்கு முகாமில் கழியும் ஒவ்வொரு நாளும் ஓர் இழப்பே. கிராணிக்கும் எழுத்தருக்கும் விடுப்பு என ஒன்று உண்டு. பால்மரம் சீவுபவருக்கு மரத்தடியில் நின்ற நாள்களுக்கே கூலி உண்டு.

ஈமச்சடங்கும் கப்பற்கணக்கும்

காத்திருப்பு உறவின் மீது செலுத்திய அழுத்தத்தை மரணச் செய்தியில் தெளிவாகக் காணலாம். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக்கம்பி 1871ஆம் ஆண்டிலேயே செயற்பட்டது. அதன் பின்னர்ச் செய்தி ஒரு நாளில் கடல் கடக்கலாம். மனிதர் கடக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இவ்விரு வேகங்களுக்கும் இடையிலான இடைவெளி ஒரு நூற்றாண்டுக் காலம் நிலவியது.

தந்தை இறந்த செய்தி கிள்ளானிலுள்ள மகனுக்கு மறுநாளே கிட்டியதாகக் கொள்வோம். அன்றே கப்பல் புறப்பட்டாலும் அவர் ஊரை அடையும்போது எட்டு அல்லது ஒன்பதாம் நாள் ஆகிவிடும். தகனத்திற்கோ பால்தெளிப்பிற்கோ அவர் இல்லை. பதினாறாம் நாள் கருமாதி ஒன்றே எட்டத்தக்கது. கப்பலுக்குப் பத்து நாள் காத்திருக்க நேர்ந்தால் அதுவும் எட்டாது. மூத்த மகன் கொள்ளி வைத்தல் என்னும் மரபு, கப்பலின் கால அட்டவணைக்கு முன் பணிய வேண்டியதாயிற்று. பங்காளியின் கைக்கோ இளைய மகனின் கைக்கோ அவ்வுரிமை மாறியது. இங்கிருப்பவர் ஆற்றங்கரையிலோ கோயில் குளத்தருகிலோ தலைமுழுகித் துக்கம் காத்தலே இயன்றது.

இதனை நாம் ஏட்டறிவாக மட்டும் எழுதவில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் இருந்த காலத்தில் எம் பாட்டியார் கிள்ளானில் மறைந்தார். அன்று இரவே செய்தி எட்டியது. மாணவர் கையிருப்பில் வாங்க முடிந்த சீட்டு, வளைகுடா நகரம் ஒன்றில் பதினொரு மணி நேரம் காத்திருக்க வேண்டிய சீட்டாக இருந்தது. பால்தெளிப்பு முடிந்து உறவினர் வீடு திரும்பியபின்னரே வந்து சேர்ந்தோம். நேர்வழி விமானம் இருந்தது. அதற்குரிய பணந்தான் இருக்கவில்லை. தளப் பயணிக்கும் எமக்கும் இடையே ஒரு நூற்றாண்டு இருந்தபோதிலும், காத்திருப்பை வகுப்பும் விலையுமே பகிர்ந்தளித்தன என்பதை அந்த விமான நிலைய இருக்கையில் உணர்ந்தோம்.

அறுபட்ட இணைப்புகள்

சில காலங்களில் காத்திருப்பு நாள்களிலிருந்து ஆண்டுகளாக நீண்டது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சி இரப்பர் விலையைச் சரித்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டு, உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. 1941 டிசம்பரில் சப்பானியப் படையெடுப்புத் தொடங்கியபின் 1945வரை கப்பல் வழி மூடப்பட்டது. ஊருக்குச் சென்றிருந்த மனைவி அங்கேயும், தோட்டத்திலிருந்த கணவன் இங்கேயுமாகச் சிக்குண்ட குடும்பங்களுக்கு, சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அறியவும் வழியில்லாது போயிற்று.

போருக்குப் பின்னர்க் கடல் திறந்தது. ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. 1952ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபின் புதியவர் வருகை வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டது. குடியுரிமை பெறாதவருக்கு ஊர்ப்பயணம் கப்பற்சீட்டு மட்டும் சார்ந்ததன்று. திரும்பி வருவதற்கான அனுமதியையும் சார்ந்தது. அனுமதிக்காலம் முடியுமுன் கப்பல் கிட்டவேண்டும். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அடுத்து, வேலை அனுமதி பெற இயலாத தமிழர் பலர் 1969, 1970ஆம் ஆண்டுகளில் கப்பலேறினர். அவர்களுக்கு அது ஊர்ப்பயணமன்று. பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே விழுந்த கோடு.

வான்வழியும் புதிய இடைத்தங்கலும்

1965ஆம் ஆண்டு சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. கப்பல் உடனே மறையவில்லை. ரஜுலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல் 1970களில் சென்னை வழியில் ஓடி, 1980களின் நடுவில் நேர்ந்த தீவிபத்துடன் தன் பணியை முடித்துக்கொண்டது. அதனோடு கடல்வழி ஊர்ப்பயணத்தின் காலமும் முடிந்தது எனலாம்.

1998ஆம் ஆண்டு சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001ஆம் ஆண்டு பிரிக்பீல்ட்சின் பழைய இரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட, 2002ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து விமான நிலையத்துக்கு விரைவு இரயில் அரைமணி நேரத்திற்குள் செல்கிறது. தமிழ்த் தொழிலாளர் இரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்த அதே வட்டாரத்திலிருந்து அவர்தம் பேரப்பிள்ளைகள் ஊர்ப்பயணம் தொடங்குகின்றனர். 2008ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் திருச்சிக்கும் இடையே மலிவுக் கட்டணச் சேவை தொடங்கியபின், காவிரிப் படுகையின் வாயில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு மாறியது. கப்பற்காலத்தில் இரயில் ஏறிய ஊரிலேயே இன்று வானிலிருந்து இறங்குகின்றனர்.

ஆயினும் இணைப்புக்குரிய கணக்கு ஒழியவில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரு முனையங்களும் தனித்தனி இடங்களில் உள்ளன. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவோர் இரயிலுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே சீட்டில் பதிவான இணைப்புத் தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியே வாங்கிய இரு மலிவுச் சீட்டுகளுக்கிடையே அத்தகைய பொறுப்பு எவருக்கும் இல்லை. குடிநுழைவுச் சோதனையைக் கடந்து, பெட்டியைப் பெற்று, மீண்டும் பதிவு செய்ய வேண்டியது பயணியின் கடமை. இரு நாட்டு நேரங்களுக்கிடையே 1982 முதல் இரண்டரை மணி வேறுபாடு உள்ளதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவை யாவும் இசைந்தாலும், மலேசியக் குடிமகன் இந்தியா செல்லச் சில நாள் முன்னரே விசாவுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். வானூர்தி நான்கு மணி நேரத்தில் கடக்கும் தொலைவை அனுமதி அதே விரைவில் கடப்பதில்லை. மரணச் செய்தி வந்த இரவில் இவ்வேறுபாடு தந்திக்கும் கப்பலுக்கும் இருந்த பழைய இடைவெளியை நினைவூட்டுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, புலம்பெயர்ந்தோரின் உறவு தொலைவால் மட்டும் அளக்கப்படுவதன்று. இடையில் காத்திருந்த காலத்தாலும் அக்காலத்தை வரையறுத்த வகுப்பு, கூலி, சட்டம் ஆகியவற்றாலும் அளக்கப்படுவது. மற்றொன்று, இத்தனை தடைகளுக்கிடையிலும் மக்கள் சென்று மீண்டனர். ஆதலின் மலாயாத் தமிழர் வேரறுந்து வந்தவர் என்னும் பொதுக்கூற்றை நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். அவர்கள் வேரை விடவில்லை. கப்பலுக்குக் கப்பல் நீர் சுமந்து சென்று காத்தனர்.

இவ்வரலாற்றுக்குச் சான்றுகள் அரசு ஆவணங்களில் மட்டும் இல்லை. பழைய கடப்பிதழ்களின் முத்திரைகள், தகரப் பெட்டிகளின் மேல் எழுதப்பட்ட பெயர்கள், ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஆகியனவும் சான்றுகளே. ரஜுலாவில் பத்து வயதில் பயணம் செய்தவர் இன்று அறுபதைக் கடந்திருப்பார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தமிழ் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள், தம் மாணவரிடம் ஓர் எளிய பணியைத் தரலாம். வீட்டு மூத்தோரிடம், "கப்பலுக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? எங்கே தங்கினீர்கள்? யாரைப் பார்க்கப் போனீர்கள்? போய்ச் சேர்ந்தபோது அவர் இருந்தாரா?" எனக் கேட்டு எழுதி வரச் செய்தலே அப்பணி. அட்டவணைகள் விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்பும் விடைகள் அவர்களிடமே உள்ளன. அவற்றைப் பெற நமக்குள்ள காலமோ குறைவு.