மாரிகாலத்துப் பள்ளிக்கூடங்கள்

கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம்மவரின் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் என்றால் பனி. மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு அதே மாதங்கள் மாரி. ஒக்ரோபரில் மாலை இடியோடு தொடங்கும் மழை வடகீழ்ப் பருவக்காற்றுடன் சேர்ந்து வலுத்து, நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் ஆண்டு முழுவதற்குமான மழையில் பாதிக்கு மேல் கொட்டித் தீர்த்துவிடும். இலங்கையின் பாடசாலை ஆண்டு வழமையாக ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது. ஆகவே மூன்றாம் தவணைப் பரீட்சையும், முதலாம் தரத்துப் பிள்ளை முதன்முதலாகப் பள்ளிப் படி ஏறும் நாளும் எங்கள் மாவட்டத்தில் மழைக்குள்ளேயே வருகின்றன. இந்தத் தற்செயலுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

முதலில் நிலத்தைச் சொல்லவேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு ஒட்டிக் கிடக்கும் வாவி எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. மேற்கே பெய்யும் மழையெல்லாம் படுவான்கரையைக் கடந்துதான் வாவியில் விழவேண்டும். வாவிநீர் கடலுக்குப் போவதோ முகத்துவாரத்தின் வழியாக. கோடையில் மணல்மேடு அதை அடைத்துவிடும். மாரியில் நீர்மட்டம் உயரும்போது மண்ணை வெட்டித் திறந்துவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வேளாண்மைக்காரருக்கும் மீன்பிடிப்பவருக்கும் இடையே வழக்கு இருந்துகொண்டே வந்திருக்கிறது. அது ஒரு நாள் தாமதித்தாலும் வயல் மூழ்கும், வீதி மூழ்கும், பள்ளிக்கூட முற்றம் மூழ்கும்.

இந்த நிலத்தில் நவீன பள்ளிக்கூடம் 1814இல் கால்வைத்தது. மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் அந்த ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தார். புளியந்தீவில் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் மூலம். 1815 ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். எங்கள் மாரியை அவர் ஒரேயொரு முறைதான் கண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் பள்ளிகளைப் பெருக்கினார்கள். 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தியதோடு, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தையும் நிறுவினார். இவை யாவும் எழுவான்கரையிலும் நகரத்திலும் நின்றவை என்பதைக் கவனிக்கவேண்டும். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும், படுவான்கரையின் உட்கிராமங்களுக்கும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தைத் தம் உரிமையாகக் கேட்கும் நிலையை உண்டாக்கின.

அந்தக் கிராமங்களின் வீடுகள் பெரும்பாலும் மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்டவை. பல ஊர்களில் கல்லால் கட்டி ஓடு வேய்ந்த கட்டடம் என்று சொல்லக்கூடியது பள்ளிக்கூடமும் கோயிலுமே. வெள்ளம் வந்தால் சனம் எங்கே போகும்? பிள்ளைகளையும், நெல்மூட்டையையும், சில வேளை ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும். வாங்குகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரிப்பார்கள். கரும்பலகைக்குக் கீழே அடுப்பு எரியும். 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தைப் பற்றி எங்கள் வீட்டு முதியவர்கள் சொன்ன கதைகளும் இப்படித்தான் இருந்தன. பத்திரிகையாளனாகப் பின்னாளில் நான் கண்ட காட்சிகளும் அவற்றிலிருந்து மாறவில்லை.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. பாடசாலை நாள். அன்றிரவு சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. நான் அப்போது ஆரம்பப் பாடசாலை மாணவன். 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். மாவட்டத்துத் தென்னைகளில் பத்தில் ஒன்பது பங்கு விழுந்தது என்பது கணக்கு. ஏறக்குறைய 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமடைந்தன. புகலிடமாக இருந்த கூரையே பறந்துபோன மாரி அது. அதன்பின் பல மாதங்கள் எங்கள் வகுப்பு மரநிழலிலும், பொறுக்கியெடுத்த தகரத்தின் கீழும் நடந்தது. மழை இரைந்தால் ஆசிரியையின் குரல் எங்களுக்குக் கேட்காது. கைகளைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருப்போம்.

பின்னர் யுத்தம் வந்தது. 1990இலும், வாகரையும் படுவான்கரையும் இடம்பெயர்ந்த 2006–07 காலத்திலும் பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாயின. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் காலம். காலையில் வந்த ஆழிப்பேரலை நாவலடி, கல்லடிக் கரையோரங்களை வாரிக்கொண்டு போனது. ஜனவரியில் பள்ளி திறக்கவேண்டிய வேளையில், தப்பிய பள்ளிகளில் உறவுகளை இழந்தவர்கள் தங்கியிருந்தார்கள். ஆசிரியர்களில் பலரும் அவர்களுள் இருந்தார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் நாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது அதிக அடி வாங்கிய மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. அப்போதும் புத்தாண்டுத் தவணை வகுப்பறையில் தொடங்கவில்லை. பெப்ரவரியில் வெள்ளம் மீண்டும் வந்தது.

இவை பெரிய செய்திகள். பெரிய செய்தியாகாத மாரிகளும் உண்டு. படுவான்கரைப் பள்ளிகளில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் பலர் எழுவான்கரையில் வசிப்பவர்கள். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை அவர்கள் துறையில் காத்திருந்து ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்தார்கள். குருமண்வெளி, அம்பிளாந்துறை, சந்திவெளி ஆகிய துறைகளும் அப்படியே. காற்றடித்தால் பாதை ஓடாது. பாதை ஓடாத நாளில் மறுகரையில் பிள்ளைகள் வந்திருப்பார்கள், ஆசிரியர் வந்திருக்கமாட்டார். இன்னொரு நாள் ஆசிரியர் நனைந்து வந்து சேர்ந்திருப்பார், பிள்ளைகள் வாய்க்காலைக் கடக்க முடியாமல் வீட்டில் நின்றிருப்பார்கள். எந்த அனர்த்தப் பட்டியலிலும் இந்த நாட்கள் ஏறுவதில்லை.

நான் சொல்லவருவது இதுதான். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் வீடுகளை எண்ணுகிறோம்; ஏக்கர்களை எண்ணுகிறோம்; வள்ளங்களை எண்ணி நிவாரணம் கொடுக்கிறோம். ஏழு வயதுப் பிள்ளை இழந்த பள்ளி நாட்களை எண்ணுவதில்லை. ஆனால் பரீட்சை எல்லோருக்கும் ஒன்று. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் கொழும்புப் பிள்ளைக்குக் கொடுக்கும் அதே வினாத்தாள்தான் வெல்லாவெளிப் பிள்ளைக்கும். கொரோனாக் கால இடைவெளியால் 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 ஜனவரியிலும், 2022ஆம் ஆண்டுக்குரியது அதே ஆண்டு டிசம்பரிலும் நடந்தன. இரண்டும் எங்கள் மாரிக்குள். நாட்காட்டியைத் திருத்தியவர்கள் நாடு முழுவதையும் ஒரே வானத்தின் கீழ் வைத்துக் கணக்கிட்டார்கள்.

நாட்காட்டி வளையக் கூடியதுதான். இலங்கையின் முஸ்லிம் பாடசாலைகள் நோன்புக் காலத்துக்கேற்ற தனித் தவணைகளோடு நெடுங்காலமாக இயங்குகின்றன. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அதை நாம் கண்முன் காண்கிறோம். கல்வி அமைச்சு அதற்கு வழிவிட்டது நல்லது. அப்படியானால் வெள்ளநிலத்துப் பாடசாலைகள் மாரியில் கூடுதல் நாட்கள் மூடி, மழை ஓய்ந்த மாதங்களில் அவற்றை ஈடுசெய்ய ஏன் முடியாது? சனம் தங்குவதற்கென்று ஊருக்கு ஒரு மேட்டுநில மண்டபம் கட்டினால், வெள்ளம் வடிந்த மறுநாளே வகுப்பறை பிள்ளைகளிடம் திரும்புமே.

இது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று. 2024 நவம்பர் 26ஆம் திகதி, அயல் மாவட்டமான அம்பாறையில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் குறுக்கறுத்த வீதியில் உழவு இயந்திரமொன்று கவிழ்ந்தது. மழைக்காக விடுமுறை கிடைத்து மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுட் சிலர் திரும்பவேயில்லை. நீர் வீதியில் ஏறிய பிறகு அறிவிக்கப்படும் விடுமுறை பிள்ளைகளை வெள்ளத்துக்குள்ளேதான் அனுப்பிவைக்கும்.

பாடசாலைகளில் ‘சம்பவத் திரட்டு’ என்றொரு புத்தகம் உண்டு. அதிபர்கள் நாளாந்தம் நடந்ததை அதில் குறித்துவைப்பார்கள். வாவியின் இரு கரையிலும் எஞ்சியிருக்கும் பழைய திரட்டுகளை எடுத்து, மழையால் மூடிய நாட்களை மட்டும் கூட்டிப் பார்த்தாலே போதும். 200 ஆண்டுக் கல்வி வரலாற்றில் எழுதப்படாத அத்தியாயம் அங்கே கிடைக்கும். வெள்ளத்திலும் கறையானிலும் அவை அழிவதற்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாராவது இதைக் கையில் எடுக்கவேண்டும்.