தோட்டா ஊரும் ஆற்றுச் சிறகியும்

புணேயின் போபோடியை ஒட்டி முளா ஆறு ஓடுகிறது. பக்கத்திலேயே கட்கி கன்டோன்மென்ட். அங்கே 1869 முதல் தோட்டாத் தொழிற்சாலை. வெள்ளைக்காரர் வாயில் கட்கி ‘கிர்க்கி’ ஆனதால் தோட்டாவின் அடியில் ‘கே.எஃப்’ முத்திரை விழுந்தது. ராணுவத்துக்கானவை மட்டுமல்ல, வேட்டைக்காரர்கள் கேட்கும் ‘12 போர்’ துப்பாக்கித் தோட்டாக்களும் இங்கே தயாராயின.

அந்தத் தோட்டாக்களைச் சுடும் துப்பாக்கிகளுக்கு வந்த 1878 ஆயுதச் சட்டம் பறவையை நினைக்கவே இல்லை. துப்பாக்கி யார் கையில் என்பதுதான் அதன் கவலை. இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு.

கட்கி போன்ற ஊர்களைத் தேடி வந்தது 1887 காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம். இனப்பெருக்கக் காலத்தில் கொன்ற பறவையை நகராட்சியிலும் கன்டோன்மென்ட்டிலும் வைத்திருக்கவோ விற்கவோ கூடாதென்று விதி செய்ய அது வழிவிட்டது. நல்ல எண்ணம், ஆனால் பெரிய ஓட்டை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் குஞ்சு பொரிப்பது வடக்கே, சைபீரியப் பக்கம். இங்கே அவை தங்குவது குளிர்காலத்தில், சட்டம் கண்மூடியிருந்த மாதங்களில். இதைவிடத் தெளிவாக யோசித்தவர்கள் வேடந்தாங்கல் ஊரார். சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து, 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கிவிட்டார்கள்.

வாத்து வேட்டையில் படகிலிருந்து சுடுவது கரையிலிருந்து சுடுவது போலல்ல. எழுந்து நின்று சுட்டால் துப்பாக்கியின் உதைப்பில் கால் நிலை தவறும். இருவர் இருந்தால் ஒருவர் குழல் மற்றவர் தலைக்கு மேல் திரும்பும். ரவை தண்ணீரில் பட்டுத் தெறித்துப் போகும். அதனால்தான் படகு நகரும்போது தோட்டாவைக் கழற்றிவைப்பதும், ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொள்வதும் எந்த நாட்டிலும் வாத்து வேட்டையின் பாலபாடம்.

இந்தியச் சட்டம் படகைப் பற்றிப் பேசியது 1972இல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நீரிலோ நிலத்திலோ இயந்திரத்தால் ஓடும் வாகனத்திலிருந்து வேட்டையாடக் கூடாது என்றது; சூரியன் மறைந்த பின்னும் கூடாது. நாய் வைத்து வேட்டையாடுவதையும் தடுத்தது, நீர்ப்பறவை, கவுதாரி, காடை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்குத் தந்து. துடுப்புப் படகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1991 திருத்தத்தில் அந்தப் பிரிவே எடுக்கப்பட்டது. தளர்த்துவதற்காக அல்ல. லைசென்ஸ் வாங்கி வாத்து சுடும் வழியே அடைபட்ட பிறகு, எந்தப் படகில் ஏறிச் சுடலாம் என்று சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.