கட்டுரையின் அடியில் ஒரு வரி

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் பட்டறைகளுக்குப் பழைய எதிரி ஒன்று உண்டு: கிளேஸ் விரிசல். சூளையிலிருந்து எடுக்கும்போது பளபளவென்று இருந்த மேற்பூச்சு, நாள் போகப்போக முடியிழை போன்ற கோடுகளாகப் பிளந்துவிடும். ஆறும்போது உள்ளே இருக்கும் களிமண் உடலைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்குவதுதான் காரணம். பூச்சில் சிலிக்காவைக் கூட்டினால் சுருக்கம் குறையும். எவ்வளவு கூட்டுவது, எந்தச் சூட்டில் வேகவைப்பது என்பதை எத்தனையோ ஆய்வகங்கள் அளந்து எழுதிவைத்திருக்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிப்படும் களிமண் லாரி ஏறி இந்த ஊருக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஆய்வகங்கள் எழுதிய அந்தக் கட்டுரைகள் அவ்வளவு எளிதாக வருவதில்லை. வருமா, வந்தால் தமிழில் வருமா என்பதை, கட்டுரையின் முதல் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் ஒரு வரி முடிவு செய்கிறது. அந்த வரி கடந்து வந்த பாதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்தது ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்ற வாசகம். ஆய்வாளர் சம்பளம் வாங்காமல் எழுதுவார், இன்னொருவர் சம்பளம் வாங்காமல் சரிபார்ப்பார், கடைசியில் எழுதியவர் பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு தன் கட்டுரையை மாணவர்களுக்கு நகலெடுத்துக் கொடுக்கவே அவர் யோசிக்க வேண்டும். 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் இதை மாற்றச் சொன்னது. ஆய்வு இணையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், பதிப்புரிமைக்கு அங்கே இருக்க வேண்டிய ஒரே வேலை எழுதியவர் பெயரையும் எழுத்தின் முழுமையையும் காப்பதுதான் என்றது. அதைச் சட்டமொழியில் சொல்ல ஒரு கருவி அப்போது இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் லாரன்ஸ் லெசிக்கும் நண்பர்களும் தொடங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. 2003 அக்டோபரில் வந்த ‘பிளாஸ் பயாலஜி’ இதழ் ‘சி.சி. பை’ என்ற உரிமத்தோடு பிறந்தது. எழுதியவர் பெயரைச் சொல், மாற்றியிருந்தால் மாற்றியதைச் சொல், மற்றபடி நகலெடு, அச்சிடு, மொழிபெயர், விற்கவும் செய்: இவ்வளவுதான் அதன் சாரம்.

வரி இதழுக்கு இதழ் பயணப்பட்டபோது அதோடு வால்கள் சேர்ந்தன. ‘எஸ்.ஏ.’ என்றால், மாற்றி எழுதியதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘என்.சி.’ என்றால் வணிகம் கூடாது. ‘என்.டி.’ என்றால் மாற்றியதைப் பரப்பக் கூடாது. சட்டத்தின் கண்ணில் மொழிபெயர்ப்பும் மாற்றம்தான்.

பீங்கான் துறைக்கு வருவோம். ஜப்பானியப் பீங்கான் சங்கத்தின் ஆங்கில இதழை எவரும் காசில்லாமல் படிக்கலாம். அதன் கட்டுரைகளின் அடியில் இருப்பது ‘பை – என்.டி.’ ஸ்பெயின் நாட்டுப் பீங்கான், கண்ணாடிச் சங்கத்தின் இதழும் திறந்தேதான் இருக்கிறது, அங்கே ‘என்.சி.’யும் ‘என்.டி.’யும் சேர்ந்து நிற்கின்றன. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகம் நடத்தும் இதழில் வெறும் ‘பை.’ மூன்றும் தங்களைத் ‘திறந்த அணுக்கம்’ என்றே சொல்லிக்கொள்கின்றன. விருத்தாசலத்தில் அரசு நடத்தும் செராமிக் தொழில்நுட்பப் பயிலகத்தில் பட்டயம் படிக்கும் பிள்ளைக்கு மூன்றும் ஒன்றல்ல. சிங்குவா கட்டுரையை அவருடைய ஆசிரியர் இன்றிரவே தமிழாக்கி, படங்களோடு அச்சடித்து, நாளை வகுப்பில் கொடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவிலும் சேர்க்கலாம். ஜப்பானியக் கட்டுரையின் தமிழாக்கத்தை வெளியிடத் தனியே அனுமதி கேட்டு எழுத வேண்டும். 1957ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 32ஆம் பிரிவு மொழிபெயர்ப்புக்கு ஒரு வழி தருகிறது. பொது விதிப்படி அதற்கு நூல் வெளியாகி ஏழாண்டு காத்திருந்து, விண்ணப்பித்து, உரிமத்தொகை கட்ட வேண்டும். ஒரு பட்டறைக் கையேட்டுக்காக அந்தப் படியேற யாருக்கு நேரமிருக்கிறது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதிப்புரிமை காப்பது சொற்களையும் படங்களையும்தான். கட்டுரையில் உள்ள கலவை விகிதத்தைப் படித்துத் தன் சூளையில் சுட்டுப் பார்ப்பதை எந்தப் பதிப்புரிமை வரியும் தடுக்காது. காப்புரிமை இருந்தால் அது வேறு வழக்கு. ஆனால் அந்த விகிதம் படிக்கத் தெரிந்தவரிடமிருந்து சூளைக்காரரின் கைக்குப் போக, யாராவது அதை அவருடைய மொழியில் எழுதி, படம் போட்டு, காகிதச் செலவுக்காவது ஒரு விலை வைத்துக் கொடுக்க வேண்டும். ‘என்.டி.’ அந்த எழுத்தை நிறுத்துகிறது, ‘என்.சி.’ அந்த விலையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. ‘என்.சி.’ போடும் பதிப்பகங்கள் சில, வணிக உரிமையை எழுதியவரிடமிருந்து தனி ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்கின்றன. அப்படியானால் தடை யாருக்கு?

‘என்.டி.’யை விரும்பும் ஆய்வாளர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. மொழிபெயர்க்கிறேன் என்று ஒரு தசமப்புள்ளியை நகர்த்திவிட்டால் ஒரு சூளை நிறையச் சரக்கு வீணாகும், பழி தன் பெயருக்கு வரும். ஆனால் ‘பை’ உரிமமே மாற்றத்தை அறிவிக்கச் சொல்கிறது. எழுதியவர் கேட்டால் அவர் பெயரை நீக்கவும் வழி வைத்திருக்கிறது. நற்பெயருக்குக் கேடு வரும்படி எழுத்தைத் திரித்தால் நம் சட்டத்தின் 57ஆம் பிரிவும் எழுதியவர் பக்கம் நிற்கிறது. காவல் ஏற்கெனவே இருக்கிறது. அதற்காகத் தமிழை வாசலில் நிறுத்த வேண்டியதில்லை.

இப்படித் திறந்துவைப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையைப் பெற்றது. பின்னர் அது மக்களுக்கே கொடுக்கப்பட்டது. சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாயின. கிரியேட்டிவ் காமன்ஸின் முதல் உரிமங்கள் வந்த அதே ஆண்டு. நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் ஏறியபோது இரண்டு பாதைகளும் சந்தித்தன. அங்கிருந்து இறக்கும் மின்னூல்களின் முன்பக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸின் ‘சி.சி. ஜீரோ’ என்ற பொதுக்கள உரிமம் தமிழிலேயே அச்சாகியிருக்கிறது. கதைக்கும் கவிதைக்கும் இதைச் செய்த சமூகம், களிமண்ணையும் சூளையையும் பற்றிய ஆய்வுக்கு ஏன் தயங்க வேண்டும்?

2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்களைத் திறந்துவிடுகிறது. நல்ல காரியம். ஆனால் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துபவர் எந்தக் கல்வி நிறுவனத்திலும் இல்லை. சந்தாவால் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. மொழிபெயர்த்து வெளியிடும் உரிமை அதில் அடங்காது.

ஆகவே தமிழ்நாட்டில் புதிதாக ஆய்விதழ் தொடங்குகிறவர்களிடம் என் கோரிக்கை: ‘பை’ போடுங்கள், மனம் ஒப்பாவிட்டால் ‘பை – எஸ்.ஏ.’ போடுங்கள். பதிப்புரிமையை எழுதியவரிடமே விட்டுவிடுங்கள். இதழின் முகப்பில் மட்டும் எழுதினால் போதாது. கட்டுரை தனித்தனிக் கோப்பாகத்தான் கைமாறும் என்பதால் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அந்த வரி இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் எழுதுகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய இதழ்களின் சங்கதி கடினம். 1928இல் பிறந்த இந்தியப் பீங்கான் சங்கத்தின் ஆய்விதழ் 1940களிலிருந்து வருகிறது. இந்திய மண்வகைகளைப் பற்றிய அளவீடுகள் அதில் நிறைய. நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை உயிரோடிருக்கும். 1990இல் காலமான ஒருவரின் கட்டுரை 2051 ஜனவரியில்தான் பொதுவாகும். அதுவரை அவர் வாரிசைத் தேடிப் பிடிக்க வேண்டும். உரிமை எழுத்துமூலமாக ஒரு சங்கத்துக்கு வந்திருந்து, இன்னும் அதன் கையிலேயே இருந்தால் தேட வேண்டாம். செயற்குழு கூடித் தீர்மானம் போட்டு, அந்தத் தொகுதிகள் அனைத்துக்கும் ‘பை’ என்று அறிவித்துவிடலாம்.